சின்னதாக இருக்கும்போதே

தீயணைப்பு நிலையம்,
ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த நாற்காலியை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் கேட்டாயா, இல்லை வழக்கம்போல நாற்காலிக்கு ஏற்ற மாதிரி நீயே வளைந்து கொடுக்கிறாயா?

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. வட்டார அதிகாரி வந்திருந்தார். ஒவ்வொரு தீயணைப்பு நிலையமும் தன் ஊரில் ஒரு விளம்பரப் பிரசாரம் நடத்த வேண்டும், ஜூன் மாதம் சுவரொட்டி சுவரில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. "இதுல யாருக்கு அனுபவம் இருக்கு?" என்று கேட்டார். நிலையத்தில் அத்தனை பேரும் சொல்லி வைத்த மாதிரி என்னைப் பார்த்தார்கள். "சாரோட அக்கா பெரிய விளம்பரக் கம்பெனில இருக்காங்க சார்" என்று போட்டுக் கொடுத்தது எங்கள் ஓட்டுநர். அவருக்கு இங்கே 'அவசரம்' என்று பெயர். வண்டியில் ஏறி உட்காரும்வரை எதற்கும் அவசரப்படாத மனிதர். அலுவலர் என்ற முறையில் வேலை என் தலையில் விழுந்தது.

காரணமும் உனக்குத் தெரிய வேண்டும். போன வருடம் மரப்பட்டறைத் தெருவில் ஒரு வீடு எரிந்தது. வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். கூரை இறங்கிய பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். தூக்குப்படுக்கையில் வைக்கும்போது அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னதாத்தான் இருந்துச்சு சார், உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..." என்றார். பிழைக்கவில்லை. எங்கள் நிலையத்துக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு திருப்பம்தான் இருக்கிறது.

மேலிடத்திலிருந்து மாதிரிக்கு ஒரு படம் வந்திருக்கிறது. தலைக்கவசம் போட்ட ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகைக்குள்ளிருந்து வருகிறார். கீழே, 'உங்களுக்காக உயிரையும் தருவோம்.' இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அம்மாவின் பிள்ளைகளுக்கு அது வருமா? தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவள். "போன்ங்கிறது அவசரத்துக்கு. மத்ததெல்லாம் தபால்ல போகட்டும்" என்ற அவள் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

இங்கே ஒரு குறையும் இல்லை. நீ அலைந்து வர வேண்டாம்.

அன்புடன்,
தம்பி


அலுவலகம்,
ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

நாற்காலி மாறவில்லை, முதுகும் மாறவில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறேன். உன் இருமல் போனதா?

படத்தைப் பார்த்தேன். அழகான ஆள், அழகான குழந்தை. அவ்வளவு புகையிலும் ஒருவருக்கும் முகத்தில் கரி இல்லை. இதைப் பார்ப்பவன் உங்களுக்குக் கை தட்டுவான். கூப்பிட மாட்டான். இவர்கள் உயிரைக் கொடுக்கிற பெரிய ஆட்கள், நம் வீட்டுப் புகைக்கெல்லாம் இவர்களை வரச் சொல்லலாமா என்று நினைப்பான். உங்கள் மரப்பட்டறைத் தெருக்காரர் அப்படி நினைத்துத்தான் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் தொழிலில் முதல் வேலை நம்மைப் பற்றிப் பேசுவது அல்ல. எதிரில் இருப்பவர் ஏன் மாட்டேன் என்கிறார் என்று கண்டுபிடிப்பது. ஆகவே நீயும் அவசரமும் வீடு வீடாகப் போங்கள். சீருடை வேண்டாம், மிரண்டுவிடுவார்கள். 'கடைசியாக உங்கள் வீட்டில் எது தீப்பிடித்தது, யாரிடம் சொன்னீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். நீ அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் நானே கதவைச் சாத்துவேன், மற்றவர்களைக் கேட்பானேன். கிடைத்த கதைகளைப் பெயர் இல்லாமல் எழுதி அனுப்பு. பேசியது பேசியபடியே வேண்டும், நீ திருத்தாதே.

உன் கடிதத்தின் அடியில் அம்மா எப்போதும் எழுதும் இரண்டு வரியை இந்த முறை காணோம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோபமா? போன முறை வந்தபோது "என்னோடயே வந்துடும்மா" என்று சொன்னதை இன்னும் மறக்கவில்லையா? பரணிலிருந்து அவள் பெட்டியை இறக்கியிருக்கக் கூடாது. அதுதான் தப்பாகப் போயிற்று.

அக்கா


தீயணைப்பு நிலையம்,
பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் முதுகுக்குச் சுடுநீர்ப் பை வைத்துப் பார். அம்மா சொல்லச் சொன்னாள்.

நீ சொன்னபடி தெருத் தெருவாகச் சுற்றினோம். முதல் வீட்டில் எங்களை மின்சார இணைப்பைத் துண்டிக்க வந்தவர்கள் என்று நினைத்து அந்த அம்மாள் பேசிய பேச்சில், அவசரம் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினார். பிறகு பழகிவிட்டது. உட்கார்ந்து கேட்டால் எல்லோரிடமும் ஒரு தீ இருக்கிறது, அக்கா. ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஒரு தையல்காரர். இஸ்திரிப் பெட்டியை வாடிக்கையாளரின் சட்டை மேலேயே வைத்துவிட்டுப் பேச்சுச் சுவாரசியத்தில் இருந்திருக்கிறார். சட்டை போய், விரிப்பு போய், மேசை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடையிலிருந்து சோடாப் பாட்டில்களை வாங்கி உடைத்து ஊற்றினாராம். "எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன். "மணி அடிச்சுக்கிட்டு நீங்க வந்தா தெருவே கூடும் சார். நாளைக்கு எவன் என்கிட்ட சட்டை குடுப்பான்?" என்றார்.

ஒரு வங்கி ஊழியர், மாடியில் தனியாகக் குடியிருப்பவர். வாயில் சிகரெட்டோடு தூங்கிவிட்டார். புகைந்த மெத்தையை அப்படியே மாடியிலிருந்து கீழே தள்ளியிருக்கிறார். அது வீட்டுக்காரரின் சைக்கிள் மேல் விழுந்து, சைக்கிளின் இருக்கையும் எரிந்தது. "தீயை விட வீட்டுக்காரருக்குத்தான் சார் நான் பயந்தேன்" என்றார்.

இன்னொரு வீட்டில் ஒரு வயதான அம்மாள். தனியாக இருக்கிறார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனவர் அதை அடியோடு மறந்துவிட்டார். ஜன்னல் திரை பறந்து அடுப்பில் பட்டு, சுவரோரம் ஏறியிருக்கிறது. ஈரத் துண்டால் அடித்து அடித்துத் தானே அணைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து போட்டுப் புகையைப் போக்கிவிட்டு, சுவரில் கரி பிடித்த இடத்தில் ஒரு படத்தை மாட்டி மறைத்துவிட்டார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "அந்த நேரத்துல வேற எவன் வீடாவது நிஜமாவே எரிஞ்சுக்கிட்டிருந்தா? என் அடுப்படிக்காக அவங்க லைனைப் பிடிச்சு வச்சுக்கறதா?"

இவ்வளவுதான் இதுவரை. அம்மா சுகம். கையில் சின்ன வலி, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால்தான் எழுதவில்லை. கோபமெல்லாம் இல்லை.

நீ அலைந்து வர வேண்டாம்.

தம்பி


அலுவலகம்,
மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகம், அதைப் பிறகு பேசலாம். அந்த மூன்றாவது அம்மாள்!

கடிதத்தை எங்கள் ஓவியரிடம் படித்துக் காட்டினேன். எதற்கும் அசையாதவர், தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். தையல்காரருக்கு மானம், வங்கிக்காரருக்குப் பயம். இந்த அம்மாளுக்கு இரண்டும் இல்லை. மரியாதை. ஊரில் வேறு யாருக்கோ இதைவிடப் பெரிய துன்பம் இருக்கும், அவர்களுக்கு வழி விட வேண்டும் என்ற மரியாதை. உங்கள் மரப்பட்டறைத் தெருக்காரரும் இதைத்தானே சொன்னார்? நல்லவர்கள்தான் தாமதமாகக் கூப்பிடுகிறார்கள், தம்பி. அவர்களுக்குத்தான் நாம் பேச வேண்டும். பிரசாரம் முழுவதும் இந்த அம்மாள்தான். வேறு யாரும் வேண்டாம்.

எனக்கு உடனே தெரிய வேண்டியவை: அடுப்படி எப்படிப்பட்டது? கரி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது? அவர் மாட்டிய படம் என்ன படம்? சாமியா, காலண்டரா, குடும்பமா? அது மிக முக்கியம். அந்தச் சுவருக்கு முன்னால் அவரை நிற்க வைத்து ஒரு புகைப்படம் எடுக்க முடியுமா? முகம் வேண்டாம், முதுகு போதும். வயதானவர்களிடம் உனக்குப் பேச வரும். கெஞ்சிப் பார்.

அம்மாவின் கைவலியை டாக்டரிடம் காட்டினாயா? எந்தக் கை?

அக்கா


தீயணைப்பு நிலையம்,
ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் இருவரும் சுகம். அங்கே வெயில் எப்படி?

நிலையத்தில் உன் யோசனையைச் சொன்னேன். ஒரே எதிர்ப்பு. "சின்னதுக்கெல்லாம் கூப்பிடச் சொன்னா, பால் பொங்கினாக்கூட கூப்பிடுவாங்க சார். நாம வண்டியை விட்டு இறங்கவே முடியாது" என்கிறார்கள். அவசரம் மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பால் பொங்கினதுக்குப் போனா அரை மணில திரும்பிடலாம். மரப்பட்டறைத் தெருவுக்குப் போயி நான் இன்னும் திரும்பல" என்றார். தீர்மானம் உன் பக்கம்.

அந்த அம்மாள் புகைப்படத்துக்குச் சம்மதிக்க மாட்டார். வற்புறுத்த முடியாது. ஓவியமாகவே இருக்கட்டும். சாதாரண அடுப்படிதான். கரி ஜன்னலின் மேல்விளிம்புவரை ஏறியிருக்கிறது. படம் என்னவென்று நான் கவனிக்கவில்லை.

அம்மாவின் கை தேவலை. நிலையத்துக் குடியிருப்பில் வெள்ளையடிக்கிறார்கள், அதனால் கொஞ்ச நாளாக இரவில் அம்மா வீட்டில்தான் படுக்கிறேன்.

நீ அலைந்து வர வேண்டாம்.

தம்பி


அலுவலகம்,
ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

இங்கே வெயில் வெயிலாகத்தான் இருக்கிறது. அவசரத்துக்கு என் வணக்கத்தைச் சொல். எங்கள் கம்பெனியில் அவரைப் போல ஒருவர் இருந்தால் பாதிக் கூட்டங்கள் மிச்சமாகும்.

சுவரொட்டியின் மாதிரியை வைத்திருக்கிறேன். ஒரு அடுப்படி. யாரும் இல்லை. சுவரில் கரி, அதன் மேல் சட்டம் போட்ட ஒரு படம், கொஞ்சம் கோணலாக. படத்தின் ஓரங்களில் கரி எட்டிப் பார்க்கிறது. மேலே அந்த அம்மாள் சொன்னது அப்படியே: 'அந்த நேரத்தில் வேறு யார் வீடாவது எரிந்துகொண்டிருந்தால்?' கீழே உங்கள் பதில்: 'உங்கள் வீட்டுக்கும் வருவோம். சின்னதாக இருக்கும்போதே கூப்பிடுங்கள்.' பிறகு தொலைபேசி எண். தலைக்கவசம் கிடையாது, குழந்தை கிடையாது. உங்கள் அதிகாரி ஒற்றைக் காலில் நிற்பார். நீ இரண்டு காலிலும் நில்.

ஓவியர் என்னிடம், "அடுப்படி எப்படி இருக்கணும்?" என்று கேட்டார். நீதான் சாதாரண அடுப்படி என்று எழுதி முடித்துவிட்டாயே. நானே சொன்னேன். நீல ஓடு, இடப்பக்கம் ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் மூக்கு உடைந்த தண்ணீர் மக்கு தொங்கும் ஆணி. அவர் வரைந்து முடித்த பிறகுதான் பார்த்தேன், நான் சொன்னது நம் வீட்டு அடுப்படி. யாரைக் கேட்டாலும் தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வார்கள். சட்டத்துக்குள் என்ன வரையலாம் என்றார். இப்போதைக்கு வெறும் கண்ணாடியாக விட்டிருக்கிறோம்.

நான் பட்டம் வாங்கிய படம் முன்னறையில் இருக்கிறதா?

அக்கா


தீயணைப்பு நிலையம்,
மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் மாதிரி கிடைத்தது. மிக நன்றாக இருக்கிறது.

வட்டார அதிகாரி நீ சொன்னபடியே நின்றார். "ஆள் எங்கய்யா? வண்டி எங்கய்யா? இது பெயின்ட் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கு" என்றார். மரப்பட்டறைத் தெரு மனிதர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். "மூலைல சின்னதா ஒரு வண்டியாவது போடு" என்றார். போட்டுவிடு, அவரும் பிழைக்கட்டும். தபால் நிலையம், மருத்துவமனை, பேருந்து நிறுத்தங்கள், சந்தை வாசல் ஆகிய இடங்களில் ஒட்ட அனுமதி வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடங்களுக்குத் துண்டறிக்கை தனியாகப் போகும். அச்சகத்தில் மஞ்சள் நிறம் கொஞ்சம் தூக்கலாக வருகிறதாம், உன் ஓவியரிடம் சொல்.

அம்மா சுகம்.

தம்பி


வீடு,
மே 10

தம்பிக்கு,

போன கடிதத்தில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, என் படம் முன்னறையில் இருக்கிறதா என்று. மஞ்சள் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதற்குப் பதில் வரவில்லை. இருக்கிறது என்றால் ஒரு சொல்லில் எழுதியிருப்பாய். இந்த முறை 'அலைந்து வர வேண்டாம்' என்பதைக்கூட எழுத உனக்குக் கை வரவில்லை.

நீ ஒரு தீயணைப்பு நிலையத்தின் அலுவலர். அம்மா வீட்டில் பிடித்த தீயை, 'இன்னொரு வீட்டில் ஒரு வயதான அம்மாள்' என்று எனக்கு விளம்பரக் கதையாக அனுப்பியிருக்கிறாய். நானும் அதை வாங்கி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஆஹா என்றேன். கரி இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருக்கட்டும், அப்போதுதான் தூரத்திலிருந்து தெரியும் என்று ஓவியரிடம் சொன்னவள் நான். அது என் அம்மா கையால் அடித்து அணைத்த தீயின் கரி. உன் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு என் மேலும்.

எந்தக் கை என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. வலது கைதான், பேனா பிடிக்கும் கை. குடியிருப்பில் யாரும் வெள்ளையடிக்கவும் இல்லை.

நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தெரியும். ஆனால் போன முறை கேட்காமல் வந்தேன். அம்மாவை மூட்டை கட்டிக் கொண்டுபோக வந்தவள் என்ற பெயர்தான் மிச்சம். இந்த முறை நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் வர மாட்டேன்.

சுவரொட்டி ஒட்டும் முன் அம்மாவிடம் சொல்லிவிடு. அது அவளுடைய வார்த்தை.

அக்கா


தீயணைப்பு நிலையம்,
மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது எல்லாம் சரி. வலது கைதான். புறங்கையில் தோல் உரிந்து, இப்போது ஆறி இளஞ்சிவப்பாக இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், விரல்கள் மடங்குகின்றன.

ஜனவரி ஆரம்பத்தில் சாப்பிடப் போனபோது உன் படம் அடுப்படியில் தொங்கியது. கறுப்பு அங்கியும் கையில் சுருட்டிய தாளுமாக நீ அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். "இது எதுக்கும்மா இங்கே?" என்று கேட்டேன். "அவ பாத்துக்கிட்டிருந்தா சமையல் கொஞ்சம் நல்லா வருதுடா" என்றாள். நானும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கை கழுவப் போகும்போதுதான் வாடை தெரிந்தது. அந்த வாடை எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? படத்தைத் தூக்கிப் பார்த்தேன். "அக்காகிட்ட சொன்னே, அவ வந்து என்னைப் பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போயிடுவா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நிலையத்திலும் சொல்லவில்லை. தீயணைப்பு அலுவலர் வீட்டிலேயே தீ என்றால் ஊர் என்ன பேசும்? தையல்காரரைப் பார்த்து நான் சிரித்தேனே, எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

கதையை ஏன் உனக்கு எழுதினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்போது ஏற்பாடுகள் செய்துவிட்டேன். திரையைக் கழற்றிவிட்டேன். புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றை அடுப்படிக் கூரையில் மாட்டினேன். ரொட்டி கருகினாலும் கத்துகிறது என்று அம்மா அதன் பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டாள். வேறு வாங்கிப் போட்டால் அதுவும் ரேடியோவுக்குப் போகிறது. இரவில் நான் இருக்கிறேன். பகலில் முடிந்தபோது எட்டிப் பார்க்கிறேன். சமாளித்துக்கொள்ளலாம், நீ வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டாம். சுவரொட்டி விஷயத்தை அம்மாவிடம் நல்ல சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

தம்பி


வீடு,
ஜூன் 16

மகளுக்கு,

அம்மா. கை ஆறிவிட்டது, எழுத்து மட்டும் கோணல். உன் முதுகுக்கு நாற்காலியை மாற்று. முதலாளியிடம் கேட்க வெட்கமாக இருந்தால் நீயே வாங்கு.

உன் தம்பி நல்ல சமயம் பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குள் தபால் நிலையத்தில் நானே பார்த்துவிட்டேன். வரிசையில் நிற்கிறேன், எதிரே என் அடுப்படி. மக்கு முதற்கொண்டு அப்படியே. பக்கத்தில் நின்றவள், "பாவம், யாரோ வயசானவங்க" என்றாள். "அப்படி ஒண்ணும் வயசாகல" என்றேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். உங்கள் இருவரையும் வீட்டுக்குப் போய் ஒரு கை பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வரிசை மெதுவாக நகர்ந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். வாசகம் நன்றாக இருக்கிறது. பாதி என்னுடையதுதானே. ஆனால் நான் சுவரை இவ்வளவு அழுக்காக வைத்துக்கொள்ள மாட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. நேற்று முன்தினம் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். வாடை வந்தது. போய்ப் பார்த்தால் அடுப்போரத்தில் கைத்துணி புகைந்துகொண்டிருக்கிறது. ஓரத்தில் தீயும் தெரிந்தது. கை தானாக ஈரத் துண்டுக்குப் போயிற்று. பிறகு அந்த வரி ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்தேன், கதவைச் சாத்தினேன், போனைச் சுழற்றினேன்.

இரண்டாவது மணியிலேயே உன் தம்பி எடுத்தான். நல்ல பழக்கம். "தீயணைப்பு நிலையம், முகவரி சொல்லுங்க" என்றான். சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "லைன்ல இருக்கீங்களா?" என்று நான்தான் கேட்டேன். எத்தனை பேரை அப்படிக் கேட்டிருப்பேன். பெற்ற பிள்ளையைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

மணி அடித்துக்கொண்டு வந்தார்கள். தெரு முழுக்க வாசலில். ஓட்டுகிறவர் உள்ளே வந்து துணியை இடுக்கியால் எடுத்துத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தார். முடிந்தது. உன் தம்பி குழாயும் கையுமாக நடுவாசலில் நின்றான், முகத்தில் ஈயாடவில்லை. "சின்னதுதான், ஆனா சின்னதா இருக்கும்போதே கூப்பிடச் சொல்லி ஒட்டியிருக்கீங்களே" என்றேன். ஓட்டுகிறவர், "நல்ல காரியம் பண்ணீங்கம்மா" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு டீயை அவ்வளவு நேரம் குடித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

அந்தத் துணியை அடுப்போரத்தில் வைத்தது எனக்கு ஞாபகம் இல்லை. அடுப்பை எதற்காகப் பற்ற வைத்தேன் என்பதும் ஞாபகம் இல்லை. மேலே பாத்திரம் இல்லை. வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். இதை உன் தம்பியிடம் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

வந்து பெட்டியை இறக்காதே.

அம்மா


தீயணைப்பு நிலையம்,
ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

'இங்கே எல்லோரும் சுகம்' என்று தொடங்கிய தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உன் முதுகு எப்படி இருக்கிறது?

முதலில் பிரசாரம். ஒட்டியதிலிருந்து அழைப்புகள் கூடியிருக்கின்றன. தையல்காரர் கூப்பிட்டார், இஸ்திரிப் பெட்டியின் ஒயரில் பொறி. அச்சகத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் கூரைக்குள் புகைச்சல், எட்டிப் பார்த்து அணைத்துவிட்டு வந்தோம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அந்த வரிசையே போயிருக்கும் என்று அவசரம் சொன்னார். பால் பொங்கியதற்கும் ஒருவர் கூப்பிட்டார். போனோம். வட்டார அதிகாரிக்கு வாயெல்லாம் பல். மற்ற நிலையங்களுக்கும் இதே சுவரொட்டி போகிறதாம், வண்டியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி.

அம்மா எங்களைக் கூப்பிட்டதை உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னாள்.

நேற்றுக் காலை நான் கிளம்பும்போது அம்மா, "டியூட்டி முடிஞ்சுதா?" என்று கேட்டாள். இல்லை, இப்போதுதான் போகிறேன் என்றேன். செருப்பு மாட்டுவதற்குள் மறுபடி கேட்டாள். வாசலில் இறங்கியதும் மறுபடி. கேலி செய்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. மதியம் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் சுவரொட்டியைப் பார்த்தேன். எங்கள் வாசலிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிவிட்டு, நான் மட்டும் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருக்கிறேன்.

மாலையில் அம்மாவிடம், அக்காவை வரச் சொல்லப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சத்தியம் போனால் போகட்டும். கத்துவாள் என்று நினைத்தேன். பேனாவைக் கேட்டாள்.

பெட்டியை இறக்க வேண்டாம். என்ன செய்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, அக்கா. வா.

தம்பி

கடிகாரத்தை நிறுத்திவிட்டேன். அதன் பேட்டரியை நானே கழற்றி உன் தம்பியிடம் கொடுத்துக் கூரையில் இருக்கும் கருவிக்குப் போடச் சொல்லிவிட்டேன்.
வரும்போது கடிகாரத்துக்கு ஒன்று வாங்கி வா. அம்மா.